வெல்ல முடியாதென்று தெரிந்தும் ஜப்பான் 1941-இல் அமெரிக்காவை ஏன் தாக்கியது?

தன்னைவிடப் பல மடங்கு பெரிய தொழில்வளம் கொண்ட அமெரிக்காவை, அதுவும் தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை விற்றுவந்த நாட்டையே, 1941 டிசம்பரில் ஜப்பான் எதற்காகத் தாக்கியது என்பது கேள்வி. வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு வரியில் அடங்கிவிடுகிறது: அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, ஜப்பானுக்கு வேறு வழி இருக்கவில்லை. இது பொய்யல்ல. ஆனால் போர் ஏன் அந்த ஆண்டில் வந்தது என்பதை மட்டுமே இந்த விடை விளக்குகிறது. எண்ணெய் நிறுத்தப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நீக்கியிருந்தால் எண்ணெய் மீண்டும் வந்திருக்கக்கூடும். அதற்குச் சீனாவிலிருந்து படைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது; அந்த முடிவை டோக்கியோவால் எடுக்க முடியவில்லை. அதை எடுத்து, மற்றவர்களை ஏற்கவும் வைக்கும் அதிகாரம் கொண்ட ஒருவர்கூட அந்த அரசில் இல்லை. போரின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சீனப் போர் 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் நடந்த சிறு துப்பாக்கிச் சண்டையில் தொடங்கியது. ஒரு மாத அளவில் முடித்துவிடலாம் என்று தரைப்படை அமைச்சர் சுகியாமா பேரரசர் ஹிரோஹிட்டோவிடம் கூறினார். டிசம்பரில் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்து, அங்கே கொடூரமான படுகொலை நிகழ்ந்த பிறகும், சியாங் கை-ஷேக்கின் சீன அரசு சரணடையாமல் உள்நாட்டுக்குப் பின்வாங்கிச் சோங்சிங்கிலிருந்து போரைத் தொடர்ந்தது. ஜெர்மனியின் தூதர் மூலம் நடந்த சமரச முயற்சியை 1938 ஜனவரியில் கைவிட்ட பிரதமர் கொனோயே, சியாங்கின் அரசோடு இனிப் பேசப்போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். அந்தச் சமரசத்தைத் தொடர விரும்பியது தரைப்படைத் தலைமையகம். கதவை அடைத்தது சீருடை அணியாத பிரதமரின் அமைச்சரவை. ராணுவ வெறியர்கள் அப்பாவி அரசியல்வாதிகளை இழுத்துச் சென்றார்கள் என்ற சித்திரத்தை நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை மட்டுமாவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு ஜப்பானின் நிலை புலிவாலைப் பிடித்தவன் நிலைதான். நகரங்களும் ரயில் பாதைகளும் கையில் இருந்தன, நாடு கையில் இல்லை. 1941-க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் அங்கே மாண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், அமெரிக்கா கேட்டபடி படைகளைத் திரும்பப் பெறலாமா என்ற பேச்சு எழுந்தபோது தரைப்படை அமைச்சராக இருந்த டோஜோ முன்வைத்த வாதம் இதுதான்: இத்தனை பேர் உயிர் கொடுத்துப் பெற்றதை விட்டுவிட்டால் சீனாவோடு நிற்காது, சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியா ஆட்டங்காணும், பிறகு கொரியாவில் ஆட்சியே கேள்விக்குள்ளாகும். இழந்த உயிர்களே மேலும் உயிர்களை இழப்பதற்கான நியாயமாக மாறிவிட்ட பின், லாப நட்டக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

மஞ்சூரியா ஏன் அவ்வளவு புனிதமானது? 1904–05-இல் ரஷ்யாவை வென்று லியாவோதுங் தீபகற்பக் குத்தகையையும் தென் மஞ்சூரிய ரயில் பாதையையும் ஜப்பான் பெற்றது. லண்டனிலும் நியூயார்க்கிலும் கடன் வாங்கி நடத்திய போர் அது. பலியான உயிர்களின் நினைவு ஒரு தலைமுறையின் பாடப் புத்தகங்களில் ஊறிப்போயிருந்தது. அந்தக் குத்தகைப் பகுதியையும் ரயில் பாதையையும் காக்க நிறுத்தப்பட்ட படைதான் பின்னாளில் குவாண்டுங் படை என்ற பெயரில் தன்னிச்சையாக நடக்கப் பழகியது.

இதனோடு முதல் உலகப்போர் கற்பித்த பாடம் ஒன்றும் சேர்ந்தது. ஜெர்மனி களத்தில் மட்டும் தோற்கவில்லை. உணவும் மூலப்பொருளும் இன்றி மூச்சுத் திணறியும் தோற்றது என்று ஜப்பானியப் படை அதிகாரிகளில் படித்த பிரிவினர் முடிவுக்கு வந்தார்கள். நிலக்கரி ஓரளவு, இரும்பு கொஞ்சம், எண்ணெய் அநேகமாக இல்லை என்ற நிலையில் உள்ள தீவுநாடு அடுத்த பெரும்போரில் நிலைக்க வேண்டுமானால், யாரையும் நம்பாமல் வாழ ஒரு நிலப்பரப்பு வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். நாகாட்டா டெட்சுசன், இஷிவாரா கஞ்சி போன்றோர் மஞ்சூரியாவைப் பார்த்தது இந்தக் கண்ணால்தான். இஷிவாராவே பின்னர் 1937-இல் சீனப் போர் வேண்டாம் என்று தடுக்க முயன்றார் என்பதும், 1931-இல் அவரே மேலிட அனுமதியின்றி மஞ்சூரியாவைப் பிடித்த உதாரணத்தைக் காட்டியே இளைய அதிகாரிகள் அவரைப் புறக்கணித்தார்கள் என்பதும் அந்தக் காலத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இருபதுகளில் இதற்கு மாற்றுப் பாதை ஒன்றும் இருந்தது. 1922-இன் வாஷிங்டன் ஒப்பந்தம் பெரும் போர்க்கப்பல்களை அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றுக்கு 5:5:3 என்ற விகிதத்தில் வரையறுத்தது. வணிகத்தால் வாழலாம் என்று நம்பிய அரசியல்வாதிகள் அதை ஏற்றார்கள். அந்த நம்பிக்கையை உடைத்ததில் மேலை நாடுகளின் பங்கையும் மறைக்கக்கூடாது. 1919-இல் பாரிஸ் மாநாட்டில் இன சமத்துவக் கோட்பாட்டைத் தேசங்களின் சங்க சாசனத்தில் சேர்க்க ஜப்பான் கொண்டுவந்த முன்மொழிவு, பெரும்பான்மை வாக்கு கிடைத்தும், ஒருமனதாக இல்லை என்று கூறித் தள்ளப்பட்டது. 1924-இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவை மூடியது. 1929-க்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் கச்சாப் பட்டின் விலை சரிந்தபோது, அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த விவசாயக் குடும்பங்கள் நிலைகுலைந்தன. தரைப்படையின் சாதாரண வீரர்கள் பெரும்பாலும் இத்தகைய கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வணிகத்தை நம்புங்கள் என்று சொன்னவர்கள் அதன் பிறகு எந்த முகத்தோடு பேச முடியும்? ஆயினும் இவை எவையும் தம்மளவில் போரை உண்டாக்கவில்லை. நிதானம் பேசியவர்களின் கையைப் பலவீனப்படுத்தின என்பதே சரியான கணிப்பு.

இனி அரசின் அமைப்புக்கு வருவோம்; இந்த விவகாரத்தின் கரு இதுவே. பேரரசர் மெய்ஜியின் காலத்தில் வந்த 1889-இன் அரசியல் சாசனம் படைகளின் தலைமையைப் பேரரசரிடம் நேரடியாக வைத்தது. படைத் தலைமையகங்கள் அமைச்சரவைக்குக் கட்டுப்படாமல் பேரரசரிடமே அறிக்கை தரலாம். பிரதமருக்குப் படைநடவடிக்கைகளில் எந்த அதிகாரமும் இல்லை. அதோடு, தரைப்படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் உள்ள அதிகாரிகளாகவே இருக்க வேண்டும் என்ற விதி 1900-இல் வந்து, 1913-இல் தளர்த்தப்பட்டு, 1936-இல் மீண்டும் வந்தது. ஓர் அமைச்சரை விலகச் செய்து, மாற்று ஆளைத் தர மறுத்தால் போதும், அரசு கவிழ்ந்துவிடும். 1937 ஜனவரியில் ஜெனரல் உகாகி அமைச்சரவை அமைக்க முடியாமற்போனதும், 1940 ஜூலையில் யோனாய் அரசு வீழ்ந்ததும் இவ்வாறே.

மெய்ஜி காலத்தில் இந்த ஓட்டையை அடைத்தவர்கள் சாசனத்தில் இடம்பெறாத மூத்த ராஜதந்திரிகள். இட்டோ, யமகாட்டா போன்ற அந்த முதியவர்கள் தங்களுக்குள் பேசிப் படையையும் அரசையும் ஒரே திசையில் செலுத்தினார்கள். 1905-இல் படைகள் களைத்துவிட்டன, பணம் தீர்ந்துவிட்டது என்று உணர்ந்து, மக்கள் டோக்கியோவில் கலவரம் செய்தபோதும் ரஷ்யாவோடு சமாதானத்தை முடித்தது அந்தத் தலைமுறை. அவர்கள் மறைந்த பிறகு அந்த இடத்தில் எவரும் இல்லை.

விளைவு விரைவில் தெரிந்தது. 1928 ஜூன் மாதத்தில் மஞ்சூரியாவின் ஆட்சியாளர் ஜாங் ஸுவோலினின் ரயிலைக் குவாண்டுங் படை அதிகாரிகள் வெடிவைத்துத் தகர்த்துக் கொன்றார்கள். குற்றவாளிகளைத் தண்டிக்க முயன்ற பிரதமர் தனாகா அதில் தோற்றுப் பதவி விலகினார். அதைப் பார்த்திருந்தவர்களுக்கு 1931 செப்டம்பர் 18 எளிதாக இருந்தது: முக்தெனுக்கு அருகே தாங்களே ரயில் பாதையில் குண்டு வைத்துவிட்டுச் சீனர் மீது பழிபோட்டு முழு மஞ்சூரியாவையும் பிடித்தார்கள். கொரியாவிலிருந்த படைத்தளபதி பேரரசரின் அனுமதி இன்றியே எல்லை தாண்டினார். அமைச்சரவை அவரைத் தண்டிப்பதற்குப் பதிலாக அந்தச் செலவுக்கு ஒப்புதல் தந்தது. மீறினால் பதவி உயர்வு, தடுத்தால் தோட்டா என்பதே அடுத்த ஐந்தாண்டின் பாடம். கடற்படைக் குறைப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றிய பிரதமர் ஹமகுச்சி 1930-இல் சுடப்பட்டு மறு ஆண்டு இறந்தார். 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் அவருடைய இல்லத்திலேயே கடற்படை இளம் அதிகாரிகளால் கொல்லப்பட்டார். 1936 பிப்ரவரி 26 அன்று சுமார் 1,400 வீரர்கள் தலைநகரின் மையத்தைக் கைப்பற்றினார்கள்; ராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்ற நிதியமைச்சர் தகஹாஷி படுக்கையிலேயே கொல்லப்பட்டார். அந்தக் கிளர்ச்சியைப் பேரரசரே உறுதியாக நின்று ஒடுக்கச் செய்தார், அதன் தலைவர்களில் பெரும்பாலோர் மரண தண்டனை பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் இன்னொரு கிளர்ச்சி வரும் என்ற அச்சத்தை ஆயுதமாக்கி, தரைப்படைத் தலைமை தன் பிடியை முன்னிலும் இறுக்கிக்கொண்டது.

கடற்படையைப் பற்றிப் பலர் நல்லெண்ணத்தோடு எழுதுவதுண்டு. தரைப்படை முரடர்கள், கடற்படையினர் உலகம் அறிந்தவர்கள் என்பது அந்தப் பார்வை. நான் இதை ஏற்கவில்லை. 1907-இல் வகுக்கப்பட்ட பாதுகாப்புக் கொள்கையில் தரைப்படை ரஷ்யாவைத் தன் உத்தேச எதிரியாக எழுதிக்கொண்டது. கடற்படை அமெரிக்காவை எழுதிக்கொண்டது. அந்நாளில் அமெரிக்காவோடு போர் வரும் என்று எவரும் நம்பவில்லை. கப்பல் கட்டப் பணம் கேட்க ஓர் எதிரி தேவைப்பட்டது, அவ்வளவுதான். முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தப் பெயரைச் சொல்லி உருக்கும் எண்ணெயும் நிதியும் வாங்கிய பிறகு, 1941-இல் எங்களால் அமெரிக்காவோடு போரிட முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று கொனோயேயின் இல்லத்தில் நடந்த கூட்டத்தில் கடற்படை அமைச்சர் ஒய்க்கவா, போரா சமாதானமா என்பதைப் பிரதமரே தீர்மானிக்கட்டும் என்றார். முடியாது என்ற ஒரு சொல்லைக் கடற்படை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் டோஜோவின் வாதம் சரிந்திருக்கும். தரைப்படைக்கு முன் தலைகுனியவும், அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டை இழக்கவும் அது விரும்பவில்லை. நான்கு நாட்களில் கொனோயே பதவி விலகினார், டோஜோ பிரதமரானார்.

சீனப் போர் தனியாக நின்றிருந்தால் அது அமெரிக்கப் போராக வளர்ந்திருக்குமா என்பது ஐயமே. வாஷிங்டன் ஜப்பானைக் கண்டித்தது, ஆனால் பழைய இரும்பையும் எண்ணெயையும் விற்றுக்கொண்டேதான் இருந்தது. நிலைமையை மாற்றியது 1940-இன் கோடையில் ஹிட்லர் ஐரோப்பாவில் பெற்ற வெற்றி. நெதர்லாந்தும் பிரான்சும் வீழ்ந்தன, பிரிட்டன் தன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. ஜாவா, சுமத்ரா, போர்னியோவின் எண்ணெயும் மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் இந்தோசீனாவும் காவலற்றுக் கிடப்பதாகத் தோன்றின. பேருந்தைத் தவறவிடாதே என்பது அன்றைய டோக்கியோவின் கோஷம். செப்டம்பரில் வட இந்தோசீனாவுக்குள் படை நுழைந்தது. அதே மாதம் 27-ஆம் நாள் ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்கா அது அமெரிக்காவை அச்சுறுத்தி ஒதுக்கி வைக்கும் என்று கணக்கிட்டார். நேர்மாறாக நடந்தது: ஆசியாவில் ஒரு காலனிப் பூசலாக இருந்தது, அமெரிக்கர்களின் கண்ணில், ஹிட்லரின் உலகப் போரின் ஒரு முனையாக மாறிவிட்டது. அந்த உடன்படிக்கை ஜப்பானுக்கு ஒரு பீப்பாய் எண்ணெயையும் தரவில்லை.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் மீது பாய்ந்ததும் வடக்கே இருந்த அச்சம் குறைந்தது. ஜூலை இறுதியில் ஜப்பானியப் படைகள் தென் இந்தோசீனாவில் இறங்கின. அங்கிருந்து பறக்கும் ஜப்பானிய விமானங்கள் எட்டும் தூரத்துக்குள் சிங்கப்பூர் வந்தது. ஜூலை 26 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஜப்பானிய உடைமைகளை முடக்கினார். அனுமதி பெற்று ஓரளவு எண்ணெய் வாங்க அதில் இடமிருந்தது. நடைமுறையில் அதிகாரிகள் எந்த அனுமதியும் வழங்கவில்லை, ஆகஸ்டிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. வாஷிங்டனின் கணக்கிலும் பிழை இருந்தது. இவ்வளவு பலவீனமான நாடு தன்னைவிட இவ்வளவு பெரிய நாட்டோடு மோதும் அளவுக்கு அறிவிழக்காது, நெருக்கினால் பணியும் என்று அங்கே பலர் நம்பினார்கள். ரூஸ்வெல்ட் வேண்டுமென்றே ஹவாயிலுள்ள கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கவிட்டார் என்ற கதையை இங்கே விவாதிக்க நான் விரும்பவில்லை. ஜப்பானின் தூதரகச் சங்கேதத்தை அமெரிக்கர்கள் படித்தார்கள் என்பது உண்மை, அதில் தாக்குதலின் இலக்கு எழுதப்பட்டிருக்கவில்லை.

எண்ணெய் நின்ற பிறகு நாட்கள் ஓர் எதிரியாக மாறின. ஜப்பான் தன் எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அமெரிக்காவிலிருந்து பெற்றுவந்தது. கையிருப்பு சுமார் இரண்டாண்டுக்குத்தான், போர் நடந்தால் அதிலும் குறைவு. மறுபுறம், 1940 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் கடற்படையை ஏறத்தாழ 70 விழுக்காடு பெருக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1941 இறுதியில் அமெரிக்கக் கடற்படையில் ஏறத்தாழ 70 விழுக்காடாக உள்ள தன் பலம் 1943-இல் பாதியாகவும், 1944-இல் 30 விழுக்காடாகவும் சுருங்கும் என்று ஜப்பானியக் கடற்படை மதிப்பிட்டது. இன்று போரிட்டால் வெல்ல வாய்ப்பு சிறிது, நாளை அதுவும் இல்லை என்ற இந்தக் கணக்கில் பிழை கிடையாது. நாளை போர் வந்தே தீரும் என்ற அதன் முதல் வரிதான் எவராலும் நிறுவப்படாதது. நவம்பர் 1 அன்று நள்ளிரவைத் தாண்டி நீண்ட கூட்டத்தில் நிதியமைச்சர் கயா இதைத்தான் கேட்டார்: நாம் சும்மா இருந்தால் மூன்று ஆண்டு கழித்து அமெரிக்கா வந்து தாக்கும் என்று என்ன உறுதி? கடற்படைத் தலைமைத் தளபதி நகானோவிடம் அதற்கு விடை இல்லை. எதிர்காலம் தெரியாது, ஆகவே இப்போதே போரிடுவது மேல் என்றார். கயாவும் வெளியுறவு அமைச்சர் டோகோவும் இறுதியில் இணங்கினார்கள்.

தோல்வி தெரியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோடையில் இளம் அதிகாரிகளையும் வல்லுநர்களையும் கொண்ட முழுப்போர் ஆய்வு நிறுவனம் ஒரு மாதிரிப் போரை நடத்தி, ஜப்பான் தோற்கும் என்று ஆகஸ்டில் பிரதமர் முன்னிலையில் அறிக்கை தந்தது. இது மேசைக் கணக்கு, 1904-இல் ரஷ்யாவை வெல்வோம் என்றும் எவரும் நினைத்ததில்லை என்று டோஜோ பதிலளித்தார். செப்டம்பர் 5 அன்று, தெற்கில் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்ற சுகியாமாவிடம் (அவர் அப்போது தரைப்படைத் தலைமைத் தளபதி), சீனப் போரையும் ஒரு மாதத்தில் முடிப்பதாகத்தானே சொன்னீர் என்று பேரரசர் கேட்டார். சீனாவின் உட்பகுதி பரந்தது என்றார் சுகியாமா. பசிபிக் அதைவிடப் பரந்ததில்லையா என்பது பேரரசரின் மறுகேள்வி. கேள்வி கூர்மையானது, ஆனால் மறுநாள் மாநாட்டில் அவர் தன் பாட்டனாரின் கவிதை ஒன்றை வாசித்ததற்கு மேல் எதையும் தடுக்கவில்லை. சாசன மரபு அவருடைய கையைக் கட்டியது என்பார்கள். 1936-இல் கட்டவில்லையே என்ற கேள்விக்கு அவர்களிடம் திருப்தியான பதிலை நான் கண்டதில்லை.

கடைசிப் பேச்சுவார்த்தையும் சீனாவில்தான் முட்டிக்கொண்டது. ஜப்பான் நவம்பரில் முன்வைத்த திட்டத்தின்படி, பெரும்பாலான படைகள் இரண்டாண்டில் திரும்பினாலும் வட சீனா, உள் மங்கோலியா, ஹைனான் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் படைகள் இருக்கும். நவம்பர் 26 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹல் தந்த குறிப்பு சீனாவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் முழு விலகலைக் கேட்டது. மஞ்சூரியாவும் அதில் அடங்குமா என்பது தெளிவில்லை. அடங்கும் என்றே டோக்கியோ வாசித்தது. அந்தக் குறிப்பு டோக்கியோவை எட்டுவதற்கு முன்பே, பேர்ல் ஹார்பரைத் தாக்கவிருந்த விமானந்தாங்கிக் கப்பல்கள் குரில் தீவுகளின் ஹிட்டோகப்பு விரிகுடாவிலிருந்து புறப்பட்டுவிட்டன.

ஆசியாவை வெள்ளையரிடமிருந்து விடுவிக்கவே ஜப்பான் போரிட்டது என்ற கருத்து, இந்திய தேசிய ராணுவத்தின் நினைவு காரணமாக, நம்மிடையே இன்னும் செல்வாக்குடன் இருக்கிறது. 1941 நவம்பர் 20 அன்று வகுக்கப்பட்ட தென்பகுதி நிர்வாகக் கொள்கை இதற்கு விடை தருகிறது: ஒழுங்கை நிலைநாட்டுவது, போருக்கான மூலப்பொருளை விரைந்து பெறுவது, படைகள் அந்தந்த இடத்திலேயே தம் தேவையைப் பார்த்துக்கொள்வது, விடுதலை இயக்கங்களை அவசரப்பட்டு ஊக்குவிக்கக்கூடாது என்றும் அதில் உண்டு. பேர்ல் ஹார்பர் மீது முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே மலாயாவின் கோத்தா பாருவில் படைகள் இறங்கத் தொடங்கிவிட்டன என்பதிலிருந்தே எது நோக்கம், எது அதற்கான பக்கக் காவல் என்பது விளங்கும். அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களில் பல்லாயிரம் பேரைப் பிறகு அதே படை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றது. பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை.

போரை முடிப்பது எப்படி என்பதற்கும் ஒரு திட்டம் இருந்தது. நவம்பர் 15 அன்று ஒப்புதல் பெற்ற அதில், அமெரிக்காவை ஜப்பான் தோற்கடிக்கும் என்று எங்கும் இல்லை. ஜெர்மனியும் இத்தாலியும் பிரிட்டனைப் பணியவைக்கும், தனித்துவிடப்பட்ட அமெரிக்கா போரைத் தொடரும் மனத்தை இழக்கும் என்பதே அதன் சாரம். அதாவது, ஜப்பானின் வெற்றி முழுவதும் ஹிட்லரின் வெற்றியை அடகாக வைத்து எழுதப்பட்டது. தாக்குதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 5 அன்று, மாஸ்கோவின் வாசலில் நின்ற ஜெர்மானியர் மீது செஞ்சேனை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. டோக்கியோவில் அந்தத் திட்டத்தை எவரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்பட்டிருக்கவும் இல்லை.